பகலில் சாத்திய கதவு

நெய்வேலியில் பிள்ளைகள் பேசக் கற்கிறார்களோ இல்லையோ, சத்தம் போடாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அப்பா நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்துவிட்டால் மிக்ஸி ஓடாது, குக்கர் விசில் அடிக்காது, கீரை விற்க வருபவள்கூடக் குரல் கொடுக்காமல் கேட்டருகே நின்று கையைக் காட்டுவாள். பகலில் ஓர் அறைக் கதவு சாத்தியிருந்தால் உள்ளே யாரோ தூங்குகிறார்கள் என்று அர்த்தம். இந்த வழக்கத்தில்தான் என் குழந்தைகள் காப்பகத்தின் லைசென்ஸ் வந்து மாட்டிக்கொண்டது.

என் கணவர் மைன்ஸில் வேலை பார்த்தவர். டவுன்ஷிப்பை ஒட்டி நாங்கள் கட்டிய வீட்டில் அவர் இறந்த பிறகு நான் தனியாகத்தான் இருந்தேன். வேலைக்குப் போகும் அம்மாக்கள் சிலர் கேட்டதால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தேன். கூட்டம் சேர்ந்ததும், லைசென்ஸ் இல்லாமல் நடத்தினால் மூடிவிடுவோம் என்று நோட்டீஸ் வந்தது. அலையாய் அலைந்தேன். கட்டட உறுதிச் சான்று வாங்கினேன், குட்டிக் கழிப்பறை கட்டினேன். தீயணைக்கும் சிலிண்டரை மாட்டிவிட்டுப் போனவருக்கு அதை இயக்கத் தெரியுமா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம். வீட்டில் தங்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் போலீஸ் சான்று வேண்டும் என்றார்கள். நான் ஒருத்திதான் என்று எழுதிக் கொடுத்தேன்.

கடலூரிலிருந்து ஆய்வுக்கு அதிகாரி அம்மா ஒருவர் காலையிலேயே வந்துவிட்டார். ஹாலுக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றார். ஹால் நிறையப் பிள்ளைகள், ஆனால் சத்தமே இல்லை. பந்து தரையில் தட்டாமலிருக்கப் போர்வையை விரித்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு வந்தால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு பையன் தடுக்கி விழுந்தான். முகம் கோணியது, கண்ணீர் வழிந்தது, குரல் மட்டும் வரவில்லை. இத்தனை நாள் எவ்வளவு அடக்கமான பிள்ளைகள் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வேறு மாதிரித் தெரிந்தது.

தூங்க வைக்கச் சளி மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்று கேட்டார். ஒரு குழந்தையின் கண் இமையை விலக்கிப் பார்த்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிறகு சேத்தியாத்தோப்பு ரோட்டுப் பக்கத்திலிருந்து வரும் நாலு வயதுக்காரியின் முன்னால் குந்தி உட்கார்ந்து, ஏன் யாரும் பேசவில்லை என்று விசாரித்தார். அவள் ஹாலின் கோடியில் சாத்தியிருந்த அறையைக் காட்டினாள்.

"மாமா தூங்கிகினு இருக்காரு."

மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள். குறட்டைகூட விடுவார் என்றான் ஒருவன், மெதுவாக.

"நீங்க மட்டும்தான்னு எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா," என்றார் அதிகாரி.

நான் மட்டும்தான் என்றேன். என்னை எல்லாப் பிள்ளைகளும் அத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் மாமா என்று ஒருவர் இருந்ததையே அவர்களிடம் நான் சொன்னதில்லை. ஹாலில் அவர் படம்கூடக் கிடையாது. எல்லோரும் அவர் போன பிறகு வந்து சேர்ந்தவர்கள்.

கடைசி நாளன்று அவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து, இட்லி சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நான் கதவைச் சாத்தினேன். தெருவில் பந்தடித்த பையன்களை விரட்டினேன். சாயங்காலம் வரை வீட்டில் ஒரு பாத்திரம் உருளவில்லை. காலையிலேயே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். பகல் முழுவதும் நான் யாருக்காகக் காவல் இருந்தேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை. அதன்பின் அந்தக் கதவைத் தாண்டும்போதெல்லாம் சாவிக்கொத்தைக் குலுங்காமல் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன், குரல் தானாகத் தணிந்துவிடும். பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் பழகியிருக்க வேண்டும். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறட்டையை எங்கே கேட்டுப் பழகினார்கள்?

கதவைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். ஷிப்ட்காரர்கள் வீட்டு வழக்கப்படி ஜன்னலுக்கு அட்டை ஒட்டியிருந்ததால் உள்ளே கும்மிருட்டு. கட்டிலில் யாருமில்லை. தலையணையில் மட்டும் ஒரு குழி. பழைய இலவம்பஞ்சு, அமுங்கித்தான் கிடக்கும். அதிகாரி நுனிக்காலில் உள்ளே போய் நுனிக்காலிலேயே திரும்பினார். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் இப்படி ஓர் இருட்டறை கூடாது, அட்டையைப் பிரித்து, கதவையும் கழற்றினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்றார். கேட் வரைக்கும் அவர் கிசுகிசுத்துக்கொண்டேதான் வந்தார்.

அந்தக் கதவைக் கழற்றுவதைவிடக் காப்பகத்தையே மூடிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது உண்மை. பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் அந்த அம்மாக்களை நினைத்துத்தான் தச்சரை வரச்சொன்னேன்.

மறுநாள் பிள்ளைகள் வந்தபோது அறையில் வெயில் விழுந்திருந்தது. ஒருவரும் நிலைப்படியைத் தாண்டவில்லை. உள்ளே போய் விளையாடுங்கள் என்று கத்தினேன். அந்த வீட்டில் நான் குரல் உயர்த்தி வருடக்கணக்காகியிருந்தது. அந்த நாலு வயதுக்காரி மட்டும் உள்ளே போனாள். கட்டிலருகே நின்று, தலையைச் சாய்த்து எதையோ கேட்பதுபோல் இருந்தாள். நடுநடுவே தலையாட்டினாள். பிறகு வெளியே வந்து என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு அவ்வளவு பெரிய குரல் இருக்கிறதென்று அன்றுதான் தெரிந்தது.

"அத்தை, மாமா எழுந்துட்டாரு. நீ எழுப்பலன்னு கோவம் இல்லியாம்."