இடது காலில் பிரேக்

என் வண்டியில் பிரேக் இடது காலில், கியர் வலது காலில். பழைய புல்லட்டுகள் அப்படித்தான் வந்தன. இருபத்தெட்டு வருஷமாக அதை ஓட்டுகிறேன். என் கால்களுக்கு வேறு எதுவும் தெரியாது. என் மகளோ சிநேகிதியின் புது வண்டியில் பழகி லைசென்ஸ் வாங்கியவள். அவளுக்கு எல்லாமே நேர் எதிர்: இடது பக்கம் கியர், வலது பக்கம் பிரேக்.

அந்த மகள்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், தோசையைப் பிய்த்துக்கொண்டே, வருகிற சனிக்கிழமை என் வண்டியில் தனுஷ்கோடி போகப் போகிறேன் என்றாள். தனியாக. ஆபீஸில் ஆறு நாள் லீவும் சொல்லியாகிவிட்டதாம்.

"எதுக்கு?" என்றேன்.

"போகணும்னு தோணுச்சு."

"பஸ்ஸு இருக்குதே."

"பஸ்ல போகணும்னு தோணலப்பா."

அவளுக்கு இருபத்தாறு வயசு. கையைப் பிடித்து உட்கார வைக்கிற காலம் போய்விட்டது. நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் எனக்கு முட்டுக்கொடுப்பாள் என்று நம்பியிருந்தேன். அவளோ அடுத்த தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, "போவட்டுமே. நீங்க வண்டிய ஒழுங்கா ரெடி பண்ணிக் குடுங்க, அது போதும்" என்றாள். இந்த வீட்டில் நான் சிறுபான்மை என்று அன்றைக்கு மறுபடியும் தெரிந்துகொண்டேன்.

பிடிக்காத வேலை என்றாலும் அரைகுறையாகச் செய்ய எனக்கு வராது. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பு என் வேலை. ஆஸ்டின் டவுனில் இருந்து போய் வருவதற்குள் இடுப்பு கழன்றுவிடும். ஆனாலும் அந்தத் திங்களும் செவ்வாயும் வேலை முடிந்து வந்ததும் வீட்டு வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன். கிளட்ச் பிளேட் புதிது. பின் டயர் புதிது. கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினேன். முன்னும் பின்னும் புது பிரேக் ஷூ போட்டேன். ஒவ்வொரு நட்டையும் இறுக்கி, அதன்மேல் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டேன். கோடு விலகினால் நட்டு கழல்கிறது என்று அர்த்தம். வழியில் தினமும் காலையில் அந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டும் என்று மகளிடம் சொன்னேன். "பாக்கறேன்பா" என்று அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். எனக்கு அந்தப் பொறுமையும் எரிச்சலாக இருந்தது.

புதன்கிழமை விடிந்ததும் பக்கத்து மைதானத்தில் அவளை ஓட்டச் சொன்னேன். நன்றாகத்தான் ஓட்டினாள். இரண்டு சுற்று, மூன்று சுற்று. நாலாவது சுற்றில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அவள் வலது காலை அழுத்தி மிதித்தாள். என் வண்டியில் அது கியர். வண்டி வேகம் குறையாமல் அப்படியே போனது. நாய்தான் புத்திசாலி, விலகிக்கொண்டது.

வியாழக்கிழமை காலையில் ரோட்டுக்குக் கூட்டிப் போனேன். பின்னால் உட்கார்ந்திருந்தது நான். முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. மறுபடியும் வலது கால். நான் கத்தினேன். அவள் கடைசி நொடியில் ஹாண்டிலை ஒடித்து பஸ்ஸின் இடுப்பை உரசுகிற மாதிரி தப்பித்து ஓரம் கட்டினாள். இறங்கி நின்று ரோட்டோரத்திலேயே அவளைத் திட்டினேன். அவள் வண்டியைத் தள்ளி ஸ்டாண்ட் போட்டாள்.

இப்போது ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைச் சரி செய்ய வழி இருக்கிறது என்பது எனக்கு முதல் நாளே தெரியும். கியரை இடது பக்கமும் பிரேக்கை வலது பக்கமும் மாற்றிப் போட கிட் கிடைக்கிறது. சிவாஜிநகர் பக்கம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். அரை நாள் வேலை. நான் வாயைத் திறக்கவில்லை. வண்டி கம்பெனியில் இருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும் என்பது என் வீம்பு. அதற்கும் கீழே இன்னொன்று இருந்தது. இரண்டு தடவை பயந்தால் அவளே வேண்டாம் என்று விட்டுவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். பெற்ற பெண் பயப்பட வேண்டும் என்று காத்திருந்தவன் நான்.

அன்று சாயங்காலம் வீட்டில் மெதுவாக ஆரம்பித்தேன். "கால் பழகாம அவ்ளோ தூரம் போவக்கூடாது கண்ணு. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"வேணாம்பா. வழில பழகிடும். இப்படியே போறேன்" என்றாள். முகத்தில் கோபம்கூட இல்லை. போர்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. அவள் நிற்கப் போவதில்லை. சனிக்கிழமை காலையில், இரண்டு முறை தவறான காலை மிதித்த பெண், அதே வண்டியில் ஹைவேயில் ஏறப் போகிறாள். ஏதாவது ஆனால் அதைச் செய்தவன் நான்.

என் மனைவிக்கு எப்படியோ எல்லாம் தெரிந்திருந்தது. "வண்டிக்கும் புள்ளைக்கும் ஒத்துப்போவலன்னா எத மாத்துவீங்க?" என்று மட்டும் கேட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு சிவாஜிநகர் போனேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். வண்டியின் அடியில் குறுக்கே ஒரு தண்டு, இரண்டு பக்கமும் புது மிதிகள். மகள் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மத்தியானத்துக்குள் முடிந்தது. ஒவ்வொரு நட்டுக்கும் வெள்ளைக் கோடு போட்டேன்.

"நான் ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்பா. இது எனக்குப் பழகின பக்கம்தானே."

"நான்தான் முதல்ல."

லிஃப்ட் வேலையில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கயிறு மாற்றினாலும் சரி, பிரேக் வைத்தாலும் சரி, வேலை பார்த்தவன்தான் முதலில் ஏற வேண்டும். தனியாக ஏற வேண்டும். தான் ஏறத் துணியாத லிஃப்டில் இன்னொருவரை ஏற்றக்கூடாது. அந்த வழக்கத்தை நான் ஒருநாளும் மீறியதில்லை. வீட்டில் மிக்ஸி பழுது பார்த்தாலும் முதல் சட்னி நான்தான் அரைப்பேன். இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அம்மா, மகள் இருவர் காதும் புளித்துப் போயிருக்கும்.

"அப்பா, உன் காலு..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்குத் தெரியும்" என்றேன்.

தெருக்கோடி வரைக்கும் ராஜா மாதிரி போனேன். இடது காலில் கியர், நினைவு வைத்து, ஒன்று, இரண்டு. திருப்பத்தில் ஒரு தண்ணி லாரி ரிவர்ஸில் வந்தது. நான் யோசிக்கவில்லை. இருபத்தெட்டு வருஷம் யோசித்தது. இடது காலை பலம் கொண்ட மட்டும் மிதித்தேன். டொக்கென்று கியர் மாறியது. வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலில் சக்கரம் வழுக்கி, வண்டி வலது பக்கமாகச் சாய்ந்து என் கணுக்கால்மேல் விழுந்தது. லாரி ஒரு முழம் தள்ளி நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்து, "நோட்கொண்டு ஓட்சி சார்!" என்று, பார்த்து ஓட்டச் சொல்லி, கன்னடத்தில் கத்தினார்.

மகள் ஓடி வந்தாள். முதலில் பெட்ரோல் குழாயை மூடினாள். பிறகு முதுகைக் கொடுத்து வண்டியை ஒரே மூச்சில் நிமிர்த்தினாள். டிரைவரிடம், "சாரி சார், நம்தே தப்பு" என்று தப்பை ஏற்றுக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம். முந்தைய நாள் நான் அவளைத் திட்டிய திட்டு எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் வந்தது.

"காலை ஆட்ட முடியுதா?" என்றாள்.

முடிந்தது. ஆனால் ஊன்ற முடியவில்லை. ஹெட்லைட் கண்ணாடி நொறுங்கியிருந்தது. காலையில் நான் மாட்டிய பிரேக் மிதி உள்பக்கமாக வளைந்திருந்தது. நான் ஒரு வீட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என் சாமான் பெட்டியைக் கொண்டு வந்தாள். மிதியில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி நிமிர்த்தினாள். நட்டுகளைப் பார்த்தாள். ஒன்றில் கோடு விலகியிருந்தது. பழைய கோட்டைத் துடைத்துவிட்டு, இறுக்கி, புதுக் கோடு போட்டாள். சாவியைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

"இரு, நான் ஒருவாட்டி பாக்கறேன்" என்றேன்.

"இப்ப சரி பண்ணது நான். நான்தானே முதல்ல ஏறணும்?"

சாவியைக் கொடுத்தேன். தனியாகப் போனாள். தெருக்கோடியில் நிறுத்திப் பார்த்தாள், திரும்பி வரும்போது மறுபடி நிறுத்திப் பார்த்தாள். பிறகு என்னை ஏற்றிக்கொண்டு டாக்டரிடம் கிளம்பினாள். என் மனைவி வாசலில் நின்று, வலிக்கிறதா என்று கேட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டாள்.

மெயின் ரோட்டில் ஒரு ஆட்டோ கை காட்டாமல் எங்கள் முன்னால் புகுந்தது. என் இடது கால் படக்கென்று அழுந்தியது. பின் சீட்டின் கால் கட்டைதான் அங்கே இருந்தது. நான் அதை மிதித்து முடிப்பதற்குள் வண்டி அலுங்காமல் நின்றுவிட்டிருந்தது. அவளுடைய வலது கால் பிரேக்கின்மேல் இருந்தது. ஆட்டோ போனதும் அவள் கியர் போட்டு நகர்ந்தாள்.

சிக்னலில் நிற்கும்போது அவள் தோளைத் தொட்டேன்.

"நாளைக்கு எத்தினி மணிக்குக் கெளம்பற?"

"அஞ்சுக்கு. ஏன்பா?"

"மொதல்ல ஹெட்லைட்டு கண்ணாடி வாங்கணும். டாக்டர அப்புறம் பாத்துக்கலாம், கடைக்கு வுடு."