உள்ளே வராத லாச்சி

“சத்தம் வருதோ, வரேல்லையோ? அதை முதல்ல சொல்லுங்கோ.”

காதுக்கும் தோளுக்கும் இடையே போனை இடுக்கிக்கொண்டு வதனி அக்கா கத்தரிக்காய் அரிகிறார். மறுமுனையில் யாரோ ஒருவர், தன் மோட்டார் ஹோமின் சுவர் உள்ளே வர மறுக்கிறது என்று பதறுகிறார். அக்கா பதறுவதில்லை. “ஒரு சத்தமும் இல்லையெண்டா பற்றரியைப் பாருங்கோ. டிக் டிக் எண்டு மட்டும் கேட்டா எங்கயோ வயர் கறள் பிடிச்சிருக்கும். மோட்டர் சுத்துது, அறை அசையேல்லை எண்டா ஸ்விட்சில இருந்து கையை எடுங்கோ. திருப்பித் திருப்பி அமத்தாதேங்கோ, அது லிஃப்ட் இல்லை.”

மோட்டார் ஹோம் வைத்திருக்காதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். ஓடும்போது குறுகலாக இருக்கிற அந்த வண்டியை ஓரிடத்தில் நிறுத்திப் பொத்தானை அழுத்தினால், பக்கச் சுவர் ஒன்று சோபாவும் சாப்பாட்டு மேசையுமாக வெளியே நகரும். ஒடுங்கிய நடைவழி ஒரு கூடமாகிவிடும். கிளம்பும்போது அது மறுபடி உள்ளே வந்தாக வேண்டும்; அப்போது சோபாவில் இருப்பவர்கள் காலைத் தரையிலிருந்து எடுத்துவிட வேண்டும். வராவிட்டால் வண்டியை எடுக்க முடியாது. ஸ்லைடு அவுட் என்பார்கள். அக்காவின் வீட்டில் அதற்கு லாச்சி என்று பெயர். யாழ்ப்பாணத்தில் மேசை இழுப்பறையை அப்படித்தான் சொல்வார்கள்.

இது அவருடைய தொழில் அல்ல. லிவர்மோரில் எங்களுக்கு எதிர்வீடு. ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோயிலில் யாருக்கோ ஒரு தடவை உதவப் போய், பேச்சு ஃப்ரீமான்ட் வரை பரவிவிட்டது. குள்ளமான உருவம். இறுக்கிப் போட்ட கொண்டைக்கு முன்னால் நெற்றி விளக்கு. வண்டிக்கு அடியில் விரித்துப் படுக்க ஒரு கிழிந்த யோகா பாய். பையில் திருகாணிகளோடு, புட்டுக்குழலிலிருந்து புட்டைத் தள்ளும் மரத்தடியும் கிடக்கும். மக்கர் பண்ணும் மோட்டாரை அதால் தட்டுவார். “சுத்தியலால அடிச்சா உடையும். இதெண்டா பயப்பிட மட்டும் செய்யும்.”

கணவர் ஞானேஸ்வரனுக்குப் பார்வையின் நடுப்பகுதி மங்கிப் போய்விட்டது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. ஆனால் காது கூர்மை. அக்கா வண்டிக்கு அடியில் படுத்து மோட்டார் பக்கத்தில் போனைப் பிடிப்பார். ஞானேஸ்வரன் அண்ணர் வீட்டில் நாற்காலியில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு இருவரும் சண்டை போடுவார்கள். பெரும்பாலும் இருவரும் சொல்வது ஒன்றாகத்தான் இருக்கும்.

பிள்ளைகள் சாருஜனும் ரூபிகாவும் பள்ளிக்கூடம் போன காலத்தில் அக்காவும் அண்ணரும் பழைய மோட்டார் ஹோம் ஒன்று வாங்கினார்கள். அண்ணருக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்பதுதான் காரணம். கோடை விடுமுறை எல்லாம் அதில்தான் கழிந்தது. ரெட்வுட் மரக் காடுகள், நெவாடாவின் உப்புவெளி, யூட்டாவின் சிவப்புப் பாறைகள். மகன் வரைபடத்தை மடியில் விரித்து வழி சொல்லுவான். மகள் சோபாவில் மல்லாந்து படுத்து ஜன்னல் கண்ணாடியில் காலை வைத்திருப்பாள். சாயங்காலம் லாச்சி வெளியே போனதும் மேசையில் சோறும் சம்பலும் வரும். பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரர்கள் மணம் பிடித்து எட்டிப் பார்ப்பார்கள்.

யூட்டாவில்தான் முதல் தடவை அது மாட்டிக்கொண்டது. புழுதிக்காற்று. மெக்கானிக் திங்கட்கிழமைதான் வருவேன் என்றுவிட்டார். “இவர் வெளிய நிண்டு வண்டி செய்தவங்களை எல்லாம் ஏசிக்கொண்டு நிண்டார். ஏசினா லாச்சி வருமே? நான் கீழ பூந்திட்டன்.” கழன்ற வயர் ஒன்றைக் கண்டுபிடித்துச் செருகினார். சுவர் முனகிக்கொண்டு நகர, பிள்ளைகள் இருவரும் கைதட்டினார்களாம். “அண்டைக்கு என்னை ஒரு பெரிய ஆளாப் பாத்தினம்” என்பார் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் அரிவதை நிறுத்துவார்.

இப்போது மகன் பாஸ்டனில், மகள் டொரன்டோவில். ஞாயிற்றுக்கிழமைகளில் திரையில் வருகிறார்கள். வண்டி வெகுகாலம் வீட்டோரம் வெயிலில் நின்றது. கடைசியில் ஃப்ரீமான்டிலிருந்து க்ரிஷ், ப்ரியம்வதா என்ற இளம் தம்பதியர் வந்து வாங்கிப் போனார்கள். அதை எடுத்துப்போன அன்று அக்கா வாசலுக்கு வரவில்லை. உலையில் அரிசி கிடக்கிறது என்று உள்ளேயே இருந்துவிட்டார்.

போன ஏப்ரலில் ஒரு காலை, நான் அவர் அடுப்படியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது க்ரிஷ் போனில் கூப்பிட்டான்.

“ஆன்டி, டெல் வால் ஏரில இருக்கோம். ஸ்லைடு உள்ள வரல, மோட்டர் மட்டும் ஓடுது. மத்தியானத்துக்குள்ள சைட்ட காலி பண்ணணும். எப்பப் பாத்தாலும் ஏதாவது ஒரு பிராப்ளம் ஆன்டி. இன்னிக்கும் சரியாகலன்னா டோ பண்ணி ஜங்க் யார்டுக்குக் குடுத்துடலாம்னு ப்ரியா சொல்றா.”

அக்கா வழக்கமான கேள்வி எதுவும் கேட்கவில்லை. “ஒண்டும் செய்யாதேங்கோ. நான் வாறன்” என்று மட்டும் சொன்னார். கார் சாவியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். “நீர் ஓட்டுவீரோ?”

மலைகள் பச்சையாக இருந்தன. ஒரு கொண்டைஊசி வளைவில், “இதில இவர் எப்பவும் ஹோர்ன் அடிக்கிறவர்” என்றார்.

ஓக் மரத்தடியில் வண்டி நின்றது, ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டு. அக்கா அதை ஒருமுறை சுற்றி வந்தார். பக்கவாட்டில் ஓடும் நீலப் பட்டையின் உரிந்த முனையைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டப் பார்த்தார். ஒட்டவில்லை.

“வாங்க ஆன்டி” என்று ப்ரியம்வதா இறங்கி வந்தாள். “அந்த மேல் கப்போர்டுல இன்னும் உங்க வீட்டு மிளகாய்த்தூள் வாசனைதான். எவ்ளோ தொடச்சாலும் போகவே மாட்டேங்குது.”

“தொடச்சனீங்களோ?” என்றார் அக்கா. ப்ரியம்வதா சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

பாயை விரித்து அடியில் போனார். க்ரிஷ் ஒருமுறை பொத்தானை அழுத்த, மோட்டார் வெறுமனே சுழன்றது. போனிலிருந்து அண்ணரின் குரல்: “நல்லாச் சுத்துது, பாரம் ஏறேல்லை. பின் முறிஞ்சு போச்சு.”

“எனக்கும் காது இருக்கப்பா.”

“முறிஞ்சதெண்டா எதிலயோ தடக்கியிருக்கு. அதை முதல்ல எடும்.”

“அதுவும் தெரியும்.”

‘பின்’ என்று அண்ணர் சொன்னது, மோட்டாரையும் பல்சக்கரத்தையும் பிணைக்கும் சிறிய ஆணியை. எதிலாவது சுவர் இடித்தால் மோட்டார் எரியாமல் அதுதான் முதலில் உடையும். அக்கா உள்ளே வந்து மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் லாச்சியின் விளிம்போரமாக மரத்தடியை விட்டுத் துழாவினார். நசுங்கிய ரோஸ் நிறக் குழந்தைச் செருப்பு ஒன்று வெளியே வந்தது.

“ஐயோ, அனன்யாவோடது! வீடு பூரா தேடினோமே இத” என்றாள் ப்ரியம்வதா. அனன்யா உட்பட அவர்களுடைய பிள்ளைகள் ஏரிக்கரையில் விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா செருப்பின் தூசியைத் தன் சட்டையில் துடைத்து அவளிடம் கொடுத்தார். பிறகு பையிலிருந்து புது ஆணியை எடுத்துக்கொண்டு மறுபடி கீழே போனார். டார்ச் பிடித்த க்ரிஷ் கேட்டான்: “இதைவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு போட்டுடலாமா ஆன்டி?”

“கூடாது. இது முறியத்தான் வேணும் தம்பி. இது முறியாட்டி மோட்டர் போயிடும்.”

ஆணியைப் போட்டுவிட்டு உள்ளே ஏறிப் பொத்தானைத் தொட்டார், சுவர் கொஞ்சம் அசைந்து நின்றது. இரண்டு பக்கமும் சமமாக வருகிறதா என்று பார்க்க க்ரிஷை வெளியே அனுப்பினார். “வருது ஆன்டி!” என்று வெளியிலிருந்து க்ரிஷ் கத்தினான்.

“அப்ப, இதைப் பழைய இரும்புக்குக் குடுக்கப் போறீங்களோ?” என்று ப்ரியம்வதாவைப் பார்க்காமலே கேட்டார் அக்கா.

ப்ரியம்வதா நசுங்கிய செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “கோபத்துல சொன்னேன் ஆன்டி. பசங்க அதுக்குள்ள அடுத்த ட்ரிப்பு மவுன்ட் ஷாஸ்தான்னு பிளான் போட்டுட்டாங்க.” சொல்லிவிட்டு, வெளிப்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள இறங்கிப் போனாள்.

உள்ளே அக்காவும், படியோரம் நானும் மட்டும். அண்ணர் இன்னும் போனில் இருந்தார். அக்கா பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு சோபாவின் பக்கம் திரும்பி, உரத்த குரலில் கூப்பிட்டார்:

“சாரு, ரூபி! காலை மேல எடுங்கோ!”

போனில் அண்ணர் மெல்லக் கேட்டார்: “எடுத்திட்டினமோ?”

அக்கா காலியான சோபாவைப் பார்த்தபடி, இரண்டு பிள்ளைகள் சோம்பலாகக் காலை மடக்கிக்கொள்ள எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் காத்திருந்தார். பிறகு அழுத்தினார்.