கூலாஷ் சட்டியும் சந்தேக மூக்குகளும்

பிற நாட்டுச் சாப்பாடு சமைத்துப் பிழைப்பவனுக்கு முதல் எதிரி அவனுடைய முகம்தான். நான் யாழ்ப்பாணத்தான், சிட்னியில் ஒரு ஹங்கேரிய உணவகத்தின் குசினியில் சமையலுக்கு நிற்கிறேன். ஆள் குறைந்த நாட்களில் பரிமாறுவதும் நான்தான். யாருக்காவது சமைத்து வைத்துவிட்டு, அவர்கள் கரண்டியால் கிளறிக் கிளறிப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு என் பாடு விளங்கும்.

பை சோதனை

முதலாளி இலோனா அம்மா புடாபெஸ்டில் பிறந்தவர். கூலாஷ் என்கிற இறைச்சிச் சூப்புக்கு வெங்காயத்தைப் பன்றிக் கொழுப்பில் வதக்கி, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் பப்ரிக்கா என்கிற காரம் குறைந்த மிளகாய்த்தூளைப் போட வேண்டும். நெருப்பில் போட்டால் கைத்துப் போகும். மிளகாய்த்தூளைப் பச்சை வாசம் போக வதக்கிப் பழகிய எனக்குச் சட்டியை இறக்கக் கை வராது. அவர் பக்கத்தில் நின்று இறக்க வைப்பார்.

அதுகூடப் பரவாயில்லை. காலையில் என் பையையும் முகர்ந்து பார்ப்பார். கறித்தூளைக் களவாகக் கொண்டுவந்து கலக்கிறேனாம்! ஒருநாள் என் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, நண்டுக்கறியை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது உன் வயித்துக்கு. அது என் சட்டிக்கு. ரெண்டும் சந்திக்கவே கூடாது."

குளிர்ந்த சூப்

சிட்னியின் டூங்கபிப் பகுதியில் எங்கள் தெருவில் இருக்கும் அங்கிளும் அன்ரியும், தெரிந்த பெடியன் வேலை செய்கிற இடமாயிற்றே என்று ஒருநாள் வந்தார்கள். அன்ரி மெனுவைக் கையில் எடுக்கவே இல்லை. "எதுக்குள்ள பன்றி இல்லை எண்டு மட்டும் சொல்லும்," என்றார். யோசித்துப் பார்த்தால் மிஞ்சியது கொஞ்சம்தான். புளிப்புச் செர்ரிப் பழத்தில் செய்யும் சூப்பைக் கொண்டுபோய் வைத்தேன். இனிப்பாக, சில்லென்று, சாப்பாட்டுக்கு முதல் வருவது. ஹங்கேரியில் அப்படித்தான் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணாத குறை. அங்கிள் ஒரு வாய் குடித்தார். அன்ரியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, பாயாசத்தை முதல்லயே தந்து எங்களை வேளைக்கே எழுப்பி அனுப்பப் பாக்கிறீரோ?"

போய்வந்தவர்

இன்னொரு நாள் சாப்பிட வந்தவர் சென்னைக்காரர், ஐ.டி. வேலை, விடுமுறைக்குப் புடாபெஸ்ட் போய்வந்தவர். கூலாஷ் மேசைக்கு வந்ததும், அங்கே எடுத்த படத்தைக் கைபேசியில் திறந்து கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார். படத்தையும் பார்க்கிறார், கிண்ணத்தையும் பார்க்கிறார். இலோனா அம்மாவே வந்து, எங்கள் ஊரில் இதைச் சூப்பாகத்தான் குடிப்போம் என்று விளக்கினார். சென்னைக்காரர் மரியாதையாகத் தலையாட்டினார். அம்மா உள்ளே போனதும் என்னைக் கிட்டக் கூப்பிட்டார்: "அங்க ரவுண்டு பிரெட்டைக் குடைஞ்சு அதுக்குள்ள ஊத்திக் குடுத்தாங்க பாஸ். இந்தம்மா நெஜமாவே ஹங்கேரிதானா?"

அன்று ஒருநாள்தான் சந்தேகம் என்னை விட்டு வேறு ஆள் மேல் விழுந்தது. எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை.

இலோனா இல்லாத ஞாயிறு

முழங்கால் சத்திரசிகிச்சைக்காக இலோனா அம்மா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தது. குணமாகும்வரை கடையைப் பூட்டுவதாக முடிவு செய்துவிட்டார். பூட்டினால் எனக்கு வேலை இல்லை. இனி எந்தக் குசினியில் போய்க் கேட்பது? கெஞ்சினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் தந்தார். ஞாயிறு தவறாமல் வரும் லாயோஷ் என்ற ஹங்கேரியக் கிழவர் என் கூலாஷைச் சாப்பிட்டு முடித்தால் கடை திறந்திருக்கும். கிண்ணத்தைத் தள்ளிவைத்தால் பூட்டு.

"ஆர் சமைச்சது?" என்று கேட்டார் லாயோஷ். நான்தான் என்றேன். எடுத்த கரண்டியைக் கீழே வைத்தார். குசினிக் கதவோரம் நின்று பார்த்தேன். முகர்ந்தார். கிளறினார். ஒரு வாய் வைத்தார். பிறகு தலை நிமிரவே இல்லை. கிண்ணத்தைப் பாண் ரொட்டியால் துடைத்துத் தின்று முடித்து, எழுந்து நேரே குசினிக்குள் வந்தார். முடிவு கேட்க இலோனா அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து அடித்த போன் அப்போது என் கையில் இருந்தது. கிழவர் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். குளிர் அறையைத் திறந்தும் பார்த்தார். பிறகு போனுக்குக் கேட்கும்படி என்மேல் பாய்ந்தார்: "பொய் சொல்லாதே! இலோனாவை எங்க ஒளிச்சு வச்சிருக்கிறாய்?"

சமைத்தது நான் இல்லை என்று ஒருவர் அடித்துச் சொன்னதால்தான் என் சமையல் வேலை தப்பியது.