அந்தத் தெருவுக்குப் போன சப்பரம்

எங்கள் சாமியார் மேசையைத் தட்டியதை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். டீக்கோப்பை கவிழ்ந்து வெள்ளை அங்கியெல்லாம் கறையானது. அவர் துடைத்துக்கொள்ளவே இல்லை. டாலஸ் பக்கத்துப் பங்குக் கோவிலின் பின்னறையில், மாதா திருவிழாக் கமிட்டி கூடியிருந்த சாயங்காலம் அது. கமிட்டித் தலைவர் என் வீட்டுக்காரர். நான் டீ கொடுக்கப் போனவள், அப்படியே நின்றுவிட்டேன்.

சாமியார் தென் தமிழ்நாட்டுக்காரர். மதப் பணியாளர் விசாவில் உதவிப் பங்குத்தந்தையாக வந்தவர். வந்த கொஞ்ச காலத்திலேயே ஸ்பானிஷ் கற்றுக்கொண்டு, நம்மூர் இழுவையோடு அதில் பூசை வைப்பார். மெக்சிகோக்காரப் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிப்பார்கள். ஆனால் அவர் என்றால் உயிர்.

அந்த வருஷம்தான் குடியேற்றப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகிற பயம் ஊரெங்கும் பரவியது. ஸ்பானிஷ் பூசையில் பெஞ்சுகள் காலியாகின. குடியிருக்கப் பேப்பர் இல்லாதவர்கள் வெளியே தலைகாட்டவில்லை. சாமியார் அவர்கள் வீடுகளுக்கே நற்கருணை கொண்டுபோனார். சனிக்கிழமைகளில் கோவில் ஹாலில் வக்கீல்களை உட்காரவைத்து இலவசமாக ஆலோசனை சொல்லச் செய்தார். அவ்வளவுதான், பாதிப் பங்கு பொங்கி எழுந்தது. சட்டத்தை மீறியவர்களுக்குக் கோவில் துணை போகலாமா என்று ஒரு பக்கம். அந்நியனை ஏற்றுக்கொள் என்று ஆண்டவர் சொன்னது பேப்பர் பார்த்தா என்று இன்னொரு பக்கம். நம் தமிழ்க்காரர்கள்தான் இன்னும் சூடு. "நாம மட்டும் கிரீன் கார்டு கிரீன் கார்டுன்னு வரிசையில நிக்கணும், அவங்க குறுக்கே பூந்து வருவாங்களா?" என்பார்கள். அந்த எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. என் அப்பா செத்தபோதுகூட நான் ஊருக்குப் போகவில்லை. போனால் விசா ஸ்டாம்பிங்கில் மாட்டித் திரும்பி வர முடியாமல் போகும் என்ற பயம். டாலஸை ஒட்டிய ஃபிரிஸ்கோவில் பெரிய வீடு, கராஜில் இரண்டு கார். நான் ஹாலில் உட்கார்ந்து போனில் அப்பாவின் அடக்கத்தைப் பார்த்தேன். பேப்பர் இருந்தும் இந்தக் கதி என்றால், இல்லாதவர்கள் மேல் இரக்கம் வரவேண்டாமா? எங்கள் ஆட்களுக்கு ஏன் அது நேர்மாறாக வேலை செய்ததோ, இன்றைக்கும் ஆத்திரம்தான் வருகிறது.

கோவிலிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு பழைய அபார்ட்மெண்ட் வரிசை. அங்கே ஒரு மெக்சிகோ அக்கா இருந்தாள். வருஷா வருஷம் என்னோடு சேர்ந்து மாதாவுக்குப் புடவை கட்டுவாள். நான் கொசுவம் மடிக்க மடிக்க அவள் பின் குத்துவாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஸ்பானிஷ் தெரியாது, ஒரு குறையும் வந்ததில்லை. அவள் புருஷனை வேலைக்குப் போகிற வழியில் பிடித்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவளும் பிள்ளைகளும் வாசல் தாண்டவில்லை. நற்கருணை கொண்டுபோன சாமியாரை நான்தான் டிரைவ் பண்ணிக் கூட்டிப்போனேன். அவள் சாமியாரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள், அவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். "இந்த வருஷம் மாதா எங்க தெரு வழியா வருவாங்களா? பால்கனியில நின்னு பார்த்துக்கிறேன், போதும்." சாமியார் யோசிக்கவே இல்லை. வருவாங்க என்று சொல்லிவிட்டார்.

அதைத்தான் கமிட்டியில் கேட்டார். "சப்பரம் எப்பவும் பார்க்கிங் லாட்டைச் சுத்தித்தானே சாமி வரும்" என்றார் என் வீட்டுக்காரர். "அந்தத் தெருவுக்குள்ள எல்லாம் சப்பரம் போகாது சாமி. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எங்க எல்லார் விசாவும் காலி" என்றார் இன்னொருவர்.

அப்போதுதான் மேசை அதிர்ந்தது. "அந்தத் தெருவுக்குப் போகாது, அந்தத் தெருவுக்குப் போகாதுன்னு சொல்லித்தானய்யா எங்க தெருவுக்குச் சப்பரம் வரவே இல்ல! எங்கம்மா ரோட்டு முனையில நின்னு கும்பிட்டுட்டுத் திரும்பிருவாங்க. கடல் தாண்டி வந்தும் அதே பேச்சா?"

எந்தத் தெரு என்று எல்லோருக்கும் விளங்கியது. சாமியார் உட்கார்ந்துவிட்டார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடி, "போகலாம் சாமி. ஆனா எல்லாம் முறைப்படி செஞ்சிருவோம்" என்றார்.

மனுஷன் சொன்னபடியே செய்தார். சிட்டி ஆபீஸுக்கு அலைந்து பெர்மிட் வாங்கினார், இன்ஷூரன்ஸ் எடுத்தார். எனக்கு அவரை நினைத்துப் பெருமையாக இருந்தது. திருவிழாவன்று மாதாவுக்கு நீலக்கரைப் புடவையை நான் தனியாகவே கட்டினேன், கொசுவம் கொஞ்சம் கோணல்தான். பொழுது சாய்கிற நேரம் சப்பரம் கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கியது. முன்னால் வழிவிலக்க ஒரு போலீஸ் கார், சிவப்பும் நீலமுமாக விளக்கைச் சுழற்றிக்கொண்டு. பெர்மிட்டோடு வந்த ஏற்பாடு அது. நமக்குத்தான் போலீஸ் முன்னால் போனால் மரியாதையாயிற்றே, யாருக்கும் வேறு மாதிரி தோன்றவில்லை.

தெருவுக்குள் நுழைந்ததும் ஜன்னல் திரைகள் ஒவ்வொன்றாக இறங்கின. எங்கோ ஓடிக்கொண்டிருந்த டிவி நின்றது. சாமியார் ஸ்பானிஷில் அருள் நிறைந்த மரியே சொல்ல ஆரம்பித்தார். பதில் செபம் சொல்ல ஆளில்லை. அவர் காரிடம் ஓடி, விளக்கையாவது அணையுங்கள் என்று கெஞ்சினார். ஊர்வலம் முடியும்வரை அணைக்கக்கூடாது என்பது விதி என்று அந்தப் போலீஸ்காரர் தன்மையாகவே சொன்னார். குறுகலான தெரு, சப்பரத்தைத் திருப்பவும் இடமில்லை. மாதாவைத் தூக்கிக்கொண்டு கடைசிவரை போய்த்தான் திரும்ப வேண்டியிருந்தது. அக்காவின் பால்கனிக் கதவு சாத்தியிருந்தது.

இப்போது சாமியார் இங்கே இல்லை. விசா முடிந்து ஊருக்கே போய்விட்டார். பங்கில் அதே சண்டை இன்னும் நடக்கிறது. நாங்களும் அதே வரிசையில்தான் நிற்கிறோம். சப்பரம் பழையபடி பார்க்கிங் லாட்டைச் சுற்றி வருகிறது. கமிட்டிதான் காரணம் என்று பேசிக்கொள்கிறார்கள். இல்லை.

திருவிழாவுக்கு மறுநாள் சாமியாரும் நானும் அவள் வீட்டுக்குப் போனோம். வெகுநேரம் தட்டிய பிறகுதான் திறந்தாள். போலீஸ் வெளிச்சத்தைப் பார்த்ததும் வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு குளியலறைக்குள் உட்கார்ந்திருந்தாளாம். சின்னவன் அழாமலிருக்க அவன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாளாம். செபம் கேட்டதாம், மாதா வாசலில் நிற்பது தெரிந்ததாம். சாமியார் ஒவ்வொன்றாக எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அவள் கடைசியாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். அதை மட்டும் அவர் காரில் ஏறிய பிறகுதான் சொன்னார்.

"அடுத்த வருஷம் மாதாவைக் கூட்டிட்டு வந்துராதீங்க சாமின்னு கேட்டாம்மா. சரின்னு சொல்லிட்டேன்."