பத்தொன்பது குண்டூசிகள்

கைவேலைக் கண்காட்சியில் உட்கார்ந்து லேஸ் பின்னிக் காட்ட எங்கள் மடத்துத் தலைவி மதர் என்னை அனுப்பியபோது எனக்கு இருபது வயது. கன்டோன்மென்ட்டில், மாதா கோயிலை ஒட்டியிருந்த கன்னியர் மடத்தின் வேலைக்கூடத்தில் ஏழு வருஷமாகப் பின்னிக்கொண்டிருந்தேன். அங்கே நாங்கள் இருபது பெண்கள். சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்வோம். யாரும் பேசக் கூடாது. அதனால் நாலு பேர் பார்க்க உட்காருவது என்றாலே எனக்குக் கூச்சமாக இருந்தது.

எங்கள் லேஸ், துணியில் தைக்கிற லேஸ் அல்ல. உருண்டையான ஒரு திண்டின்மேல் புள்ளி குத்திய காகிதத்தைச் சுற்றி, புள்ளிக்கு ஒரு பித்தளைக் குண்டூசியாக நட வேண்டும். சின்ன மரக்குச்சிகளில் சுற்றிய நூலை அந்த ஊசிகளைச் சுற்றி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போனால் பூவும் இலையும் எழும்பி வரும். ஊசிகள் இல்லாமல் ஒன்றும் நிற்காது. மடத்தில் காலையிலும் மாலையிலும் ஊசிகளை எண்ணுவோம். கூடத்துக்குள் எல்லோரும் வெறுங்கால். ஒன்று குறைந்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் எழுந்து சாப்பிடப் போக முடியாது.

கண்காட்சி மைதானத்தில் வரிசையாகக் கூடாரங்கள் போட்டிருந்தார்கள். எனக்கு வலப்பக்கத்துக் கூடாரத்தில் மைசூர்ப் பக்கத்துச் சென்னபட்டணத்து மனிதர் ஒருவர், வில்லால் கடைசல் கட்டையைச் சுழற்றி அரக்குப் பொம்மை செய்து காட்டினார். சூடான அரக்கின் வாசனை நாள் முழுதும் எங்கள் பக்கம் வந்துகொண்டிருக்கும். காலையில் நான் பின்னுவதை எல்லோரும் நின்று பார்ப்பார்கள். மத்தியானத்துக்கு மேல், ஆசைப்படும் பெண்கள் ஆறு பேரைப் பாயில் உட்கார வைத்து முதல் பின்னலைக் கற்றுத்தர வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு குட்டித் திண்டு, நாலு ஜோடிக் குச்சி, சின்ன மெத்தையில் குத்திய இருபது ஊசி. வரிசைக்குப் பத்தாக இரண்டு வரிசை. எண்ணுவதற்குச் சுலபமாக இருக்கும் என்று நானே அப்படிக் குத்தி வைத்தேன்.

மூன்றாம் நாள் வந்த ஆறு பேரில் ஒருத்தி கைக்குழந்தையோடு வந்தாள். என்னைவிட நாலைந்து வயது கூடுதலாக இருக்கும். அல்சூரில் வீடு என்றாள். புருஷனுக்கு மைசூர் சர்க்கார் ஆபீசில் வேலை. குழந்தைக்கு ஒரு வயசும் சில மாதமும் இருக்கலாம். கால் கொலுசு சத்தம் போட்டுக்கொண்டே பாயைச் சுற்றித் தவழ்ந்தது, பிடித்துக்கொண்டு நின்றது, மறுபடி உட்கார்ந்தது. அதன் கையில் பக்கத்துக் கூடாரத்தில் வாங்கின சிவப்புக் கிலுகிலுப்பை இருந்தது.

“டீச்சரம்மா, இந்தக் குச்சி மேல போவணுமா, கீழ போவணுமா?” என்று அந்த அம்மாள் அடிக்கடி கேட்டாள். என்னை யாரும் அதற்குமுன் டீச்சரம்மா என்று கூப்பிட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன்.

நடுவில் குழந்தைக்குத் திடீரென்று ஓங்கரித்தது. முகம் சிவந்து இரண்டு மூன்று தரம் இருமியது. “முறுக்கு தொண்டையில சிக்கிக்கிச்சு போல” என்று சொல்லி அம்மாள் அதன் முதுகைத் தட்டி, கூஜாவிலிருந்து தண்ணீர் கொடுத்தாள். குழந்தை கொஞ்சம் அழுதது, பிறகு அடங்கிவிட்டது. எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அப்போது மணி மூன்று. மைதானத்துக்கு அப்பால் மணி அடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர்கள் போன பிறகு மெத்தைகளை எடுத்து அடுக்கினேன். ஐந்து பேருடையதில், திண்டில் நட்டதையும் சேர்த்து, இருபது இருபதாக இருந்தது. அந்த அம்மாளுடைய திண்டில் நட்டது ஆறு. மெத்தையில் இருந்தது பதின்மூன்று.

மறுபடி எண்ணினேன். பத்தொன்பதுதான்.

பாயை உதறினேன். புல்லை விரலால் கோதிப் பார்த்தேன். என் சேலைக் கொசுவத்தை உதறினேன். அப்புறம் மெத்தையைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அதன் ஓரம் ஈரமாக இருந்தது. குழந்தை அதை வாயில் வைத்துச் சப்பியிருக்கிறது. அந்த ஈரத்தைத் தொட்டதும்தான் இருமல் ஞாபகம் வந்தது.

 எழுந்து ஓட வேண்டும் என்று தெரிந்தது. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. திண்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பின்ன ஆரம்பித்தேன். ஜனங்கள் வந்து பார்த்தார்கள், போனார்கள். “எவ்ளோ பொறுமைம்மா உனக்கு” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. என் மனசுக்குள் இரண்டு நினைப்புகள் மாறி மாறி ஓடின. ஊசி புல்லில்தான் எங்கேயோ விழுந்திருக்கும். இல்லை, அந்தக் குழந்தை இந்நேரம் ரத்தம் கக்கிக்கொண்டிருக்கும். முதல் நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். மதர் அறிந்தால் என்னை மடத்தை விட்டே அனுப்பிவிடுவார். அப்பாவிடம் என்ன சொல்வேன்? போலீஸ் வருமா? ஒரு குழந்தையைக் கொன்றவள் என்று கோயிலில் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களா? குழந்தையைப் பற்றி நினைத்ததைவிட என்னைப் பற்றித்தான் அதிகம் நினைத்தேன். இதை இப்போது மறைப்பதில் பிரயோசனமில்லை.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் அப்படி உட்கார்ந்திருந்தேன். பின்னியதெல்லாம் தப்பாக வந்துகொண்டிருந்தது.

அரக்கு வேலைக்காரர்தான் வில்லைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். “என்னாம்மா, மூஞ்சியெல்லாம் வெளுத்துப் பூட்ச்சே. ஜுரமா?”

அவர் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். 

“கிலுகிலுப்பை வாங்குனாங்களே, அந்தக் கொழந்தையா?”

“ஆமாங்க.”

“அப்போ இங்க ஏன் குந்திக்கினு கீறே? எழுந்திரு, ஜல்தி. அவங்கள இட்டுக்கினு போன ஜட்காக்காரன் எனக்குத் தெரிஞ்சவன். மைதான கேட்டாண்ட நிப்பான், வா.”

மதர் வேறு கூடாரத்தில் துரைசானிகளுக்கு வேலைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்லாமலே கிளம்பினேன். ஜட்காவில் அல்சூர் போய்ச் சேரும்வரை ஜெபம் சொல்ல முயன்றேன். பாதியில் வார்த்தைகள் மறந்து போயின. தெருமுனையில் திரும்பும்போது வீட்டுவாசலில் கூட்டம் நிற்கிறதா என்று பார்த்தேன். கூட்டம் இல்லை. அதுவே கொஞ்சம் மூச்சு விட வைத்தது.

கதவு திறந்திருந்தது. உள்ளே குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு ஆச்சரியம். “அட, டீச்சரம்மா! வாங்க, வாங்க. பாப்பா வந்ததிலேருந்து பால் குடிக்க மாட்டேங்குது. வயித்துல ஏதோ சேரல போல. நாத்தனார் விளக்கெண்ணெய் காய்ச்சுறாங்க, கொடுத்தா எல்லாம் போயிடும்.”

அடுப்பங்கரையிலிருந்து நாத்தனார் கையில் கிண்ணத்தோடு வந்துகொண்டிருந்தாள்.

“கொடுக்காதீங்க” என்று கத்திவிட்டேன். “பாப்பா குண்டூசியை முழுங்கியிருக்கும்.”

அந்த அம்மாள் என்னையே பார்த்தாள். நான் சொன்னது அவளுக்கு ஏறவே நேரமாயிற்று. பிறகு குழந்தையை என் பார்வையிலிருந்து மறைப்பதுபோல இழுத்து அணைத்துக்கொண்டாள். நாத்தனார் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு மாரில் அடித்துக்கொண்டாள். அந்த நேரத்தில்தான் அந்த அம்மாளின் புருஷன் ஆபீசிலிருந்து வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நான் வந்த ஜட்காவிலேயே நாங்கள் நாலு பேரும், குழந்தையும், ஆஸ்பத்திரிக்குப் போனோம்.  அந்த அம்மாள் குழந்தையின் வாயை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எக்ஸ்ரே எடுக்கும் அறைக்குள் தாயையும் நாத்தனாரையும் மட்டும் விட்டார்கள். நானும் குழந்தையின் அப்பாவும் வெளியே பெஞ்சின் இரண்டு ஓரங்களில் உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைக்கிற நேரம். லைசால் மருந்தின் வாடை தலையைச் சுற்றியது. டாக்டர் ஈரம் சொட்டும் படத்தை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வெளியே வந்து விளக்குக்கு நேராகத் தூக்கினார். சின்னச் சின்ன விலா எலும்புகளுக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு. அதன் ஒரு முனையில் கடுகளவு தலை.

அதுவரை புல்லில் விழுந்திருக்கும் என்கிற நினைப்பு எனக்குள் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்ததோடு அது போயிற்று.

“வயித்துலதான் இருக்கு. பேதிக்கு ஒண்ணும் கொடுக்கலையே? நல்ல வேளை. கொடுத்திருந்தா குடல் அவசரத்துல தள்ளும், எங்கேயாவது குத்தியிருக்கும். வாழைப்பழம், உருளைக்கிழங்கு, கெட்டியா கஞ்சி, இதையே கொடுங்க. ஊசிய அது சுத்திக்கிட்டு தானா கீழ வரணும். மூணு நாலு நாள் பாக்கலாம். வாந்தி வந்தாலோ வயிறு கல்லு மாதிரி ஆனாலோ உடனே தூக்கிட்டு வாங்க, அறுக்க வேண்டியிருக்கும்” என்றார் டாக்டர். பிறகு, “எத்தனை மணிக்கு முழுங்குச்சு?” என்று கேட்டார்.

“மூணு மணிக்கு” என்றேன்.

பக்கத்தில் நின்றவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “மூணு மணிக்கா? நீங்க வீட்டுக்கு வந்தப்போ அஞ்சாச்சேம்மா.”

ஜட்காவில் வந்ததற்கு அரை மணி என்று சொல்லியிருக்கலாம். வீடு தெரியாமல் அலைந்தேன் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் நாக்குநுனி வரை வந்தன.

“பயமா இருந்துச்சு சார். உக்காந்துட்டேன்” என்றேன்.

டாக்டர் படத்தைக் கீழே இறக்கிவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.  அந்த மனிதர் அறைந்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. “நீங்க வீட்டுக்குப் போங்க” என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே மதரிடம் போய், குழந்தை ஊசியை விழுங்கியதையும் நான் அல்சூர் ஓடியதையும் சொன்னேன். நடுவில் உட்கார்ந்திருந்த நேரத்தைச் சொல்லவில்லை. மதர் பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் கற்ற தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசுவார். “நீ ஓடியது நல்லது, மகளே. நாளைக்கும் நீ அங்கே உட்கார வேண்டும். இடம் காலியாக இருந்தால் ஜனங்கள் கேட்பார்கள்” என்றார்.

உட்கார்ந்தேன். மறுநாளும், அதற்கு மறுநாளும். பாடத்தை மதர் நிறுத்திவிட்டார், பின்னிக் காட்டுவது மட்டும் நடந்தது. ஒவ்வொரு ஊசியை நடும்போதும் அது எங்கேயோ உள்ளே குத்துவதுபோல இருந்தது. கூட்டத்தில் எந்தக் குழந்தை இருமினாலும் என் கை நின்றுவிடும். அரக்கு வேலைக்காரர் அவ்வப்போது, “சேதி வந்துச்சா?” என்று கேட்பார். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அல்சூர் போய்க் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. போகாமல் இருக்கவும் முடியவில்லை. மறுநாள் மாலை அந்தத் தெருமுனை வரை போய், வாசலில் சாவுக் கூட்டம் இல்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். அதற்கு அடுத்த நாளும் அப்படியே.

குழந்தை ஊசியை விழுங்கிய நாலாம் நாள் காலை, பத்து மணி இருக்கும். தலை நிமிர்ந்தபோது கூடார வாசலில் அவர் நின்றார். ஆபீசுக்குப் போகிற கோட்டு, தலைப்பாகை. முகத்தில் நாலு நாள் தாடி. நல்ல சேதியைச் சொல்ல இவ்வளவு தூரம் யார் வருவார்கள் என்று தோன்றியது. எழுந்து நிற்கப் பார்த்தேன். மடியிலிருந்த திண்டு உருண்டு குச்சிகள் எல்லாம் சடசடவென்று விழுந்தன. சுற்றி நின்றவர்கள் விலகினார்கள்.

அவர் அவசரமாக உள்ளே வந்து குனிந்தார். “வந்துடுச்சும்மா. பயப்படாதீங்க. விடிகாலையில வந்துடுச்சு. பாப்பா நல்லா இருக்கு.”

நான் பாயிலேயே உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.  அவர் தணிந்த குரலில், “வீட்ல உங்கள வரச்சொல்லல. வர வேண்டாம்னுதான் சொல்றா. தப்பா எடுத்துக்காதீங்க. மூத்த கொழந்தை போன வருஷம் ஜுரத்துல தவறிடுச்சு. அவளால இப்போ யாரையும் பாக்க முடியல” என்றார்.

“சார், அன்னைக்கு மூணு மணி...” என்று ஆரம்பித்தேன்.

“அத அவகிட்ட நான் சொல்லல” என்றார். “நீங்க வரலேன்னா விளக்கெண்ணெய் உள்ள போயிருக்கும். அதையும் நெனச்சேன். இதையும் நெனச்சேன். ரெண்டும் என் மனசுல இருக்கு.” அவ்வளவுதான். தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். பிறகு அவர்களை நான் பார்க்கவே இல்லை.

கண்காட்சி முடிந்த அன்று மதரின் அறைக்குப் போய், சொல்லாமல் விட்ட அந்த ஒரு மணி நேரத்தையும் சொன்னேன். அவர் கைகளைக் கோத்து மேஜைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்.  ஜன்னலுக்கு வெளியே பெண்கள் துவைத்த துணிகளைப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

“பயம் எல்லோருக்கும் வரும்” என்றார் கடைசியில். “ஆனால் இனி நீ யாருக்கும் கற்றுக்கொடுக்கப் போக வேண்டாம். கூடத்திலேயே இரு.”

அது எனக்குத் தண்டனை என்று அவர் நினைத்திருக்க வேண்டும், அவ்வளவு மெதுவாகச் சொன்னார். நானோ அன்றிரவு, ஊசி தொலைந்த நாளுக்குப் பிறகு, முதல்முறையாக நன்றாகத் தூங்கினேன்.