எதிர்வீட்டு யன்னலில் எரிந்த மெழுகுதிரி

2009 ஆம் ஆண்டு மே மாதம் நடந்தது இது. அப்போது நாங்கள் டென்மார்க்கில், யூட்லாண்ட் பக்கத்தில் ஆற்றோரமாக இருக்கிற ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். நான் கலியாணம் கட்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு குளிர்காலம்தான் முடிந்திருந்தது.

“ஆத்தங்கரையில வீடு எடுத்திருக்கிறன்” என்று என் கணவர் போனில் பெருமையாகச் சொன்னபோது நான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவளுக்கு ஆறு என்றால் படத்தில் பார்த்ததுதான். வந்து பார்த்தால், மாரிகாலத்தில் எங்கள் ஊர் வாய்க்காலில் இதைவிடக் கூடத் தண்ணீர் ஓடும். ஆனால் அந்த ஆற்றை வைத்துத்தான் ஊரே உண்டானதாம். ஒரு காலத்தில் சாமான் ஏற்றிய தட்டைப் படகுகளைக் கயிறு கட்டி, ஆட்கள் கரையில் நடந்து இழுத்துப் போவார்களாம். பிறகு ரயில் வந்தது, படகு போனது. பிறகு ரயிலும் நின்றது. நான் போனபோது மிச்சம் இருந்தவை ஒரு பாலம், ஒரு தேவாலயம், ஒரு பேக்கரி, ஒரு சூப்பர்மார்க்கெட். வேலைக்கு எல்லாரும் காரில் வேறு ஊர்களுக்குப் போனார்கள். என் கணவரும் காற்றாலைக்கு இறக்கை செய்கிற தொழிற்சாலைக்குப் பின்னேர வேலைக்குப் போய்விடுவார். பிறகு வீட்டில் நானும் யன்னலுக்கு வெளியே அந்த ஆறும்தான்.

எதிர்வீட்டில் வயதான டேனிஷ் மனுசி ஒருவர் தனியாக இருந்தார். அவருக்குக் கோபம் மூக்கு நுனியில். நாங்கள் குப்பைவாளியைத் தவறான நாளில் தெருவில் வைத்துவிட்டோம் என்று வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனவர். அவர் சைக்கிளில் வருவது தெரிந்தால் நான் யன்னல் சீலையை இழுத்து மூடிவிடுவேன்.

என் அக்காவும் அத்தானும் அவர்களுடைய சின்ன மகளும் அப்போது வன்னியில், சண்டைக்கு நடுவில் அகப்பட்டிருந்தார்கள். தை மாதத்துக்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இணையத்தில் வருகிற ஒவ்வொரு படத்திலும் அக்காவின் முகத்தைத் தேடுவேன். இல்லை என்றால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். பிறகு, ஏன் இல்லை என்று பயம் பிடிக்கும். சமைப்பேன், ஆனால் சாப்பாடு இறங்காது.

பக்கத்து நகரத்தில் இருந்த எங்கள் ஆட்கள் டேனிஷ் மொழியில் ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தார்கள். வன்னியில் நடப்பதைச் சொல்லி, ‘இந்த மக்களுக்காக உங்கள் யன்னலில் ஒரு மெழுகுதிரி ஏற்றி வையுங்கள்’ என்று கடைசியில் கேட்டிருந்தார்கள். சித்திரை மாதக் கடைசியில் நான் ஒரு கட்டு வாங்கி வந்து எங்கள் தெருவில் இருந்த எல்லாத் தபால் பெட்டிகளிலும் போட்டேன். அரைவாசிப் பெட்டிகளில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. விளம்பரம் போடவேண்டாம் என்று அதற்கு அர்த்தமாம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். எப்படியோ, கிணற்றில் போட்ட கல் மாதிரி ஒரு அசுமாத்தமும் இல்லை. “அவை வாசிச்சிருக்க மாட்டினம், நீ மனசைப் போட்டு உடைக்காதை” என்று இவர் சொன்னார்.

மே நான்காம் தேதி. அந்த நாட்டில் அந்த மாதத்தில் பொழுது சாய நேரம் செல்லும். இருட்டுப்படுகிற நேரம் சீலையை இழுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். எதிர்வீட்டு யன்னலில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்து வீட்டிலும் எரிந்தது. வாசலுக்கு ஓடிவந்து பார்த்தேன். பாலம் வரைக்கும் வீட்டுக்கு வீடு யன்னலில் வெளிச்சம்.

நான் வாய்விட்டு அழுதேன். நாங்கள் விளக்கு ஏற்றினால் சாமிக்கு முன்னால், வீட்டுக்கு உள்ளே வைப்போம். இவர்கள் தெருவைப் பார்க்க வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியவேண்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

செருப்பும் போடாமல் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். எனக்கு வந்த டேனிஷ் அவ்வளவையும் கொட்டினேன். அக்கா, சண்டை, மெழுகுதிரி, நன்றி. அந்த மனுசி என்னைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

“உன் அக்காவின் பெயர் என்ன?” என்று கேட்டார். சொன்னேன். சரியாக வரும் வரைக்கும் அதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அந்தத் துணிச்சலில் பக்கத்து வீடுகளுக்கும் போய் நன்றி சொன்னேன். ஒரு மனிதர் ஒன்றும் விளங்காமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சொன்னேன். “எல்லா வீட்டிலயும் எங்கட சனத்துக்கு மெழுகுதிரி வைச்சிருக்கினம்.” ஒரு சப்பாத்தோடு கொஞ்ச நேரம் நின்றார். “ஓமோ? நல்லது” என்றார். இரண்டு பேரும் சோறும் சொதியும் சாப்பிட்டோம்.

அடுத்த நாள் எதிர்வீட்டைத் தவிர எல்லா யன்னலும் இருட்டு. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. மற்றவர்கள் ஒரு நாளோடு மறந்துவிட்டார்களே என்று எனக்கு அவர்கள்மேல் ஆத்திரமாகக் கூட இருந்தது. எதிர்வீட்டில் மட்டும் தினமும் எரிந்தது. ஆனால் தெருவில் கண்டால் அந்த மனுசி அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைக்கமாட்டார். நடுவில் ஒருநாள் குப்பைவாளிக்கு மறுபடியும் பேச்சு வாங்கினேன்.

மே மாத நடுவில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. டேனிஷ் தொலைக்காட்சியில் கொஞ்ச நேரம் காட்டிவிட்டுக் காலநிலைக்குப் போனார்கள். எங்கள் ஆட்கள் கூடி அழுதார்கள். நானும் போய் அழுதேன். அக்கா உயிரோடு இருக்கிறாவா என்று அப்போதும் தெரியாது. வீட்டுக்கு வந்தபோது எதிர்வீட்டில் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது.

ஆனி மாதம் மொழிப் பள்ளிக்கூடத்தில் டென்மார்க்கின் விசேஷ நாட்களைப் பற்றி ஒரு பாடம். ஆசிரியை ஒரு படத்தைக் காட்டினார். இருட்டில் ஒரு தெரு, வீட்டுக்கு வீடு யன்னலில் மெழுகுதிரி. 1945 ஆம் ஆண்டு மே நான்காம் தேதி பின்னேரம், டென்மார்க்கைப் பிடித்து வைத்திருந்த ஜெர்மன் படை சரணடைந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னதாம். குண்டுக்குப் பயந்து யன்னல்களில் கட்டியிருந்த கறுப்புச் சீலைகளைச் சனங்கள் கிழித்து எறிந்துவிட்டு மெழுகுதிரி ஏற்றினார்களாம். அன்றிலிருந்து வருடா வருடம் அதே தேதியில் ஏற்றுகிறார்களாம்.

எனக்குக் காது இரண்டும் சுட்டது. பஸ்ஸில் வரும்போது, யார் யார் வீட்டில் போய் நன்றி சொன்னேன் என்பதை நினைக்க நினைக்க உடம்பு கூசியது. அவர்களுடைய சண்டை முடிந்த நாளை என்னுடைய துக்கத்துக்கு எடுத்துக்கொண்டேனே.

“உங்களுக்குத் தெரியுமா?” என்று இவரிடம் கேட்டேன்.

“தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ சொல்லேல்லை?”

“கன நாளைக்குப் பிறகு அண்டைக்குத்தான் நீ வயிறாரச் சாப்பிட்டனீ” என்றார். அதற்குமேல் அவரோடு சண்டை பிடிக்க எனக்கு வரவில்லை.

மன்னிப்புக் கேட்க எதிர்வீட்டுக்குப் போனேன். அந்த மனுசி வேலியோரம் செடி வெட்டிக்கொண்டு நின்றார். நான் தடுமாறித் தடுமாறிச் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். எனக்கு விளங்கட்டும் என்று சின்னச் சின்ன வசனமாகச் சொன்னார்.

“அந்த ஒரு நாள் எங்களுக்கு. மற்ற நாட்கள் உன் அக்காவுக்கு.”

பிறகு பாலத்துப் பக்கம் கையைக் காட்டினார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோதும் இதே தெருவில்தான் வீடாம். ரயில்வேயில் வேலை செய்த அவருடைய அப்பாவை ஜெர்மன்காரர் பிடித்துக்கொண்டு போயிருந்தார்களாம். சண்டை முடிந்தது என்று ஊர் முழுக்க மெழுகுதிரி ஏற்றிப் பாலத்தில் பாட்டுப் பாடிய அன்று, அவருடைய அம்மா கறுப்புச் சீலையைக் கழற்றவே இல்லையாம். “எங்கள் வீட்டில் அன்றைக்கு முடியவில்லை” என்றார்.

“அப்பா வந்தவரா?”

“வந்தார். ஆனால் கன காலம் கதைக்கவில்லை.” அவ்வளவுதான். திரும்பக் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார்.

ஆடி மாதம் வவுனியாவிலிருந்து ஒரு போன் வந்தது. அக்காவும் மகளும் முகாமில் இருக்கிறார்கள் என்று சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். நான் போனை என் கணவரிடம் நீட்டினேன். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று அழுதார். அவர் அழுததை நான் கண்டது அன்றைக்குத்தான். பிறகு நான் தெருவைக் கடந்து ஓடினேன்.

எதிர்வீட்டு மனுசி என்னைக் கட்டிப்பிடித்தார். அப்படிச் செய்கிற ஆளே இல்லை அவர். இனி மெழுகுதிரி வேண்டாம், அக்கா கிடைத்துவிட்டார், நீங்கள் இவ்வளவு நாளும் செய்ததே பெரிது என்று சொன்னேன்.

“அக்காவின் கணவர்?” என்று கேட்டார்.

அத்தானைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். கடைசி நாட்களில் சனத்துக்குள் பிரிந்தவர், பிறகு கண்டவர் யாரும் இல்லை.

“அப்படியென்றால் இன்னும் முடியவில்லை” என்று சொல்லிவிட்டு, நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.

இப்போது நாங்கள் வேறு ஊரில் இருக்கிறோம். அத்தானைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. சண்டை முடிந்து இத்தனை வருடமாகிவிட்டதே என்று யாராவது என்னிடம் சொன்னால், ‘யாருடைய வீட்டில்?’ என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.