செல்வி கொடுத்த நல்ல தண்ணீர்

பள்ளி ஆசிரியர்களுக்குச் சிதம்பரத்தில் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கோடைப் பயிற்சி. மே மாத வெயிலில் கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். தண்ணீரில் கலந்திருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற ஏ.ஏ.எஸ். மெஷினை அங்கேதான் முதன்முதலில் கண்ணால் பார்த்தேன். இத்தனை வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவளுக்கு இது வெட்கக்கேடுதான்.

எந்தத் தண்ணீரைச் சோதிப்பது என்று நான் யோசிக்கவே இல்லை. எங்கள் பள்ளிக்குப் பின்னால், ஆலைகளை ஒட்டிய தெருவில் போர் தண்ணீர் மஞ்சளாக வரும், நாறும். என் பிள்ளைகளில் பாதிப்பேர் அதைத்தான் குடிக்கிறார்கள். "யூனிவர்சிட்டி ரிசல்ட் ஒண்ணு கொண்டாங்க டீச்சர், அந்த போர மூடிட்டு பைப்லைன் போட்டுடலாம்" என்று பஞ்சாயத்துத் தலைவர் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

ஆசிட்டில் அலசிய வெள்ளை பாட்டில்களோடு அந்தத் தெருவிலிருக்கும் செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் மகள் என் வகுப்பு. "நீங்க ஒக்காந்து டீ குடிங்க டீச்சர், நானே புடிச்சாறேன்" என்று பாட்டில்களைப் பிடுங்கிக்கொண்டு பின்பக்கம் போனாள். நானும் மகாராணி மாதிரி உட்கார்ந்து டீ குடித்தேன். ஆய்வகத்தில் ஊற்றும்போது தண்ணீர் தெளிவாக இருந்தது. கெடாமலிருக்க விட்ட ஆசிட்டில் மஞ்சள் கரைந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஈயம் இல்ல மேடம், காட்மியமும் இல்ல. நல்ல தண்ணி" என்றார் மெஷினை இயக்கிய ஆராய்ச்சி மாணவி. மறுபடி ஓட்டச் சொன்னேன். அதேதான். மெஷின் சொன்னதை மறைக்கக் கூடாதென்று ரிசல்ட்டைப் பஞ்சாயத்தில் கொடுத்தேன்.

அதைச் சொன்னதும் செல்விக்கு ஒரே சந்தோஷம். "பின்ன? கடையில கேன் வாங்கியாந்து ஊத்துனேன் டீச்சர். அவ்ளோ பெரிய எடத்துக்கு நாத்தத் தண்ணியவா குடுத்தனுப்புறது? நம்மள என்னா நெனைப்பாங்க?"

"அடிப்பாவி!" என்று கத்திவிட்டேன். அவள் முகம் செத்துப்போனது. திட்டவும் மனசு வரவில்லை, அழுகைதான் வந்தது.

தலைவரிடம் ஓடினேன். "நல்ல தண்ணின்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டு, இப்ப கேன் தண்ணிங்கறீங்க. யாரு டீச்சர் நம்புவா? பைப்லைன் வேற தெருவுக்குப் போயிடுச்சு." ஆய்வகத்தில் கேட்டேன். "அடுத்த வருஷம் பாக்கலாம் மேடம்" என்றார்கள். அடுத்த வருஷம் பயிற்சியே நடக்கவில்லை.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன்: சாம்பிளை உங்கள் கையால் பிடியுங்கள். யார் டீ கொடுத்தாலும் பிறகு குடிக்கலாம். எனக்கு இந்தப் புத்தி வந்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

போன வாரம் செல்வி வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு டம்ளரில் கேன் தண்ணீர் வந்தது. அவள் மகள் பின்பக்கம் போய் போர் குழாயில் பிடித்துக் குடித்தாள்.

"ஏன்டி, கேன்லதான் தண்ணி இருக்கே?"

"அது வர்றவுங்களுக்கு டீச்சர்."